ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் அலாய் போடலாமா? பெரிய ரிம்மும் டயரும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டில் நடு வேரியண்டான விஎக்ஸ்ஐ எடுத்திருந்தால் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14 டயரும் இரும்பு டிஸ்கும்தான். அதே கார் மேல் வேரியண்டான இசட்எக்ஸ்ஐ என்றால் 185/65 ஆர்15, அலாயோடு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் விஎக்ஸ்ஐயின் சக்கரங்கள் காருக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும். மாற்ற வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்குகிறது. 15 போதுமா, 16 போடலாமா, 17 தாங்குமா என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு காருக்கு 15 தாராளம், 16 எல்லை, 17 போட்டோவுக்கு. ஏன் என்பது போகப் போகத் தெரியும். கடைக்குப் போனதும் எல்லாரும் முதலில் டிசைனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம்தான் "இது என் வண்டிக்கு ஏறுமா?" என்று கேட்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை வராது. டயர் அளவு முதலில், ரிம்மின் அளவுகள் அடுத்து, டிசைன் கடைசி.

கணக்குகளை ஸ்விஃப்டை வைத்துச் சொல்கிறேன். பலேனோ, ஐ20, டியாகோ, ஆல்ட்ரோஸ் என்று எதை வைத்திருந்தாலும் முறை ஒன்றுதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: இப்போது இருப்பதை எழுதி வையுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், உள்ளே தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி அங்கீகரித்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியாக இருந்தால் முந்தைய உரிமையாளர் வேறு அளவு போட்டிருக்கலாம். அதனால் ஸ்டிக்கரும் டயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

165/80 ஆர்14 85டி என்பதை இப்படிப் படிக்க வேண்டும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 80 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 85 என்பது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு; 85 என்றால் 515 கிலோ. டி என்றால் அதிகபட்சம் 190 கி.மீ. வேகம்.

இதில் அடிக்கடி குழப்புவது இரண்டாவது எண்தான். அது மில்லிமீட்டர் கிடையாது, சதவீதம். 195/55-இல் 55 சதவீதம் என்பது 107 மி.மீ.; 165/55-ஆக இருந்தால் அதே 55 சதவீதம் 91 மி.மீ. ஆகிவிடும்.

படி 2: மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்

ரிம் பெரிதானால் சக்கரமும் பெரிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் ஆகாது. ரிம் பெரிதாகும் அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். வெளி விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாம் அந்த விட்டத்தை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

சூத்திரம் எளிது. ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்குங்கள். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கிப் பக்கச்சுவரைக் கண்டுபிடித்து, அதை இரண்டு மடங்காக்கி (மேலே ஒன்று, கீழே ஒன்று) சேர்த்துவிடுங்கள்.

165/80 ஆர்14-க்கு: 14 × 25.4 = 355.6. பக்கச்சுவர் 165 × 0.80 = 132, இரண்டு பக்கமும் 264. மொத்தம் 619.6 மி.மீ.

இதே முறையில் ஸ்விஃப்டுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் அளவுகளைப் போட்டுப் பார்த்தால்:

- 185/65 ஆர்15: 621.5 மி.மீ. வித்தியாசம் 0.3 சதவீதம் கூடுதல்.
- 195/60 ஆர்15: 615 மி.மீ. 0.7 சதவீதம் குறைவு.
- 195/65 ஆர்15: 634.5 மி.மீ. 2.4 சதவீதம் கூடுதல்.
- 195/55 ஆர்16: 620.9 மி.மீ. 0.2 சதவீதம் கூடுதல்.
- 195/50 ஆர்16: 601.4 மி.மீ. 2.9 சதவீதம் குறைவு.
- 205/45 ஆர்17: 616.3 மி.மீ. 0.5 சதவீதம் குறைவு.
- 195/50 ஆர்15: 576 மி.மீ. 7 சதவீதம் குறைவு. இதை யார் சொன்னாலும் போடாதீர்கள்.

மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. நான் ஒன்றரை சதவீதத்துக்குள் நிற்கச் சொல்வேன், அதுவும் கூடுதல் பக்கம் போவதென்றால் இன்னும் கவனமாக. விட்டம் 3 சதவீதம் கூடினால் மீட்டர் 100 காட்டும்போது சக்கரம் கடப்பது 3 சதவீதம் அதிகம். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாக உண்மை வேகத்தை விடச் சற்று அதிகமாகவே காட்டும்படி அமைக்கப்படுகின்றன. பெரிய டயர் போட்டு அந்தப் பாதுகாப்பை நாமே தின்றுவிடுகிறோம். விட்டம் குறைந்தால் இதற்கு நேர்மாறு: ஓடோமீட்டர் வேகமாக ஓடும், ஓடாத கிலோமீட்டரும் கணக்கில் ஏறும். வாரண்டியும் சர்வீஸும் அதை வைத்துத்தான். போதாததற்கு வண்டி வேறு கொஞ்சம் தாழும்.

இந்தப் பட்டியலில் 185/65 ஆர்15, 195/55 ஆர்16 இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. காரணம் இருக்கிறது. முதலாவது இதே ஸ்விஃப்டின் மேல் வேரியண்ட் அளவு. இரண்டாவது, பலேனோவின் மேல் வேரியண்ட்களில் கம்பெனியே போட்டுக்கொடுக்கும் அளவு; ஐ20-யிலும் உண்டு. ஆயிரக்கணக்கான கார்களில் ஓடும் அளவு என்றால் எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். 205/45 ஆர்17 அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை திண்டுக்கல் பைபாஸில் டயர் கிழிந்தால், அந்த அளவுக்கு அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். கடையில் வைத்துச் சோதிக்க ஒரு நல்ல கேள்வி: "இந்த அளவில் எத்தனை கம்பெனி டயர் இப்போது ஸ்டாக்கில் இருக்கிறது?"

பக்கச்சுவர் எங்கே போனது?

படிகளுக்கு நடுவே இதைச் சொல்லாமல் போக முடியாது. 165/80-இல் 132 மி.மீ. பக்கச்சுவர். 185/65-இல் 120. 195/55-இல் 107. 205/45-இல் 92. பதினான்கிலிருந்து பதினேழுக்குத் தாவினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருந்த ரப்பரில் நான்கு சென்டிமீட்டர் காணாமல் போகிறது.

நம் சாலைகளில் அந்த நான்கு சென்டிமீட்டர்தான் காப்பாற்றுகிறது. வர்ணம் அடிக்காத வேகத்தடை, மழைத் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பள்ளம், தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய கேபிள் குழி, பாலத்தின் இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பட்டை. உயரமான பக்கச்சுவர் இந்த அடியை வாங்கி மடங்கி எழும். தாழ்ந்தது மடங்க இடமில்லாமல் ரிம்முக்குக் கடத்திவிடும். ரிம் பென்ட் ஆகும், அல்லது உள்ளே இழை அறுந்து டயரின் பக்கம் கொப்புளம் போலப் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

எதுவும் லாபமில்லையா என்றால், உண்டு. வளைவில் வண்டி சாய்வது குறைவாகத் தெரியும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும், உலர்ந்த சாலையில் பிடிப்பு கூடும். பதிலுக்குப் பயணம் கடினமாகும், சாலைச் சத்தம் உள்ளே வரும், எடை கூடுவதால் பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். அகலமான டயர் எப்போதும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். தேங்கிய நீரில் அகல டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். நவம்பர் மாதச் சென்னையில் இது சின்ன விஷயமில்லை.

படி 3: ரிம் அச்சில் உட்காருமா?

இங்கே மூன்று அளவுகள் முக்கியம். மூன்றும் சரியாகப் பொருந்த வேண்டும். "கிட்டத்தட்ட" என்ற பேச்சே இல்லை.

முதலாவது பிசிடி, அதாவது நட்டுத் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்டுக்கு 4×100: நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். பலேனோ, ஐ20, டியாகோ, ஆல்ட்ரோஸ், ஹோண்டா சிட்டி எல்லாமே 4×100. ஃபோக்ஸ்வாகன் போலோ 5×100. ஃபோர்டு ஃபிகோ 4×108. ஒரு வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் விற்ற அண்மைத் தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் ரிம் நம் ஸ்விஃப்டுக்கு ஏறாது. பெயர் ஒன்று, பிசிடி வேறு: அதற்கு 5×114.3. இறக்குமதி ரிம்மைப் பார்த்து மயங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

எட்டுத் துளையோடு விற்கும் ரிம்களில் நான்கு துளை 4×100-க்கும் மீதி நான்கு 4×108-க்கோ 4×114.3-க்கோ இருக்கும். அவை தவறில்லை, ஆனால் எந்த நான்கு உங்களுடையது என்பதைக் கடைக்காரர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கியோ, புதிதாகத் துளைத்தோ மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாவது நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப், அதாவது ரிம் உட்காரும் அச்சின் நடுப்பகுதி, 54.1 மி.மீ. கம்பெனி ரிம் அதில் இறுக்கமாக உட்காரும். வெளி அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 67.1, 73.1 என்று பெரிய துளையோடு வரும். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும்: வெளியே 73.1, உள்ளே 54.1. ரிங் இல்லாமல் மாட்டினால் ரிம் நடுவில் நிற்பது நட்டின் கையில்தான் இருக்கிறது. 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. "அலாய் போட்டதிலிருந்து ஆடுது" என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன வளையத்தைத்தான். விலையும் குறைவு, பில்லில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது நட்டு. மாருதிக்கு எம்12×1.25 மரை (போல்ட்டின் விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும்), ஹூண்டாய்க்கும் ஹோண்டாவுக்கும் எம்12×1.5. முதல் சுற்று இரண்டிலும் ஏறுவது போலவே இருக்கும், ஏர் கன் வைத்து அடித்தால் மரை போய்விடும். நட்டின் அடிப்பகுதி வடிவமும் ரிம்மோடு பொருந்த வேண்டும். வெளி அலாய்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை அடி கொண்டது. அதைக் கூம்பு ரிம்மில் மாட்டினால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும்.

கையால் சுற்றும்போது நட்டு எத்தனை முழுச் சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது வழக்கு. எம்12×1.25-இல் அது ஏறக்குறைய பத்துச் சுற்று, எம்12×1.5-இல் எட்டு.

படி 4: அகலமும் ஆஃப்செட்டும்

கடைகளில் அதிகம் மழுப்பப்படுவது இந்த இடம்தான். "ஆஃப்செட் எல்லாம் பார்க்க வேண்டாம் சார், எல்லா ஸ்விஃப்டுக்கும் இதைத்தான் போடுறோம்" என்று சொல்வார்கள். பாருங்கள்.

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈடி45 என்பது போலப் பொறித்திருக்கும். எண் பெரிதானால் சக்கரம் காருக்குள் போகும், சிறிதானால் வெளியே வரும். அகலம் 5.5ஜே, 6ஜே என்று இன்ச்சில் இருக்கும்.

இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அகலத்தில் பாதியை மில்லிமீட்டராக்கி, அதோடு ஈடி எண்ணைக் கூட்டினால் ரிம் உள்ளே எவ்வளவு நீள்கிறது என்பது கிடைக்கும். பாதியிலிருந்து ஈடியைக் கழித்தால் வெளியே எவ்வளவு என்பது.

உங்கள் பழைய ரிம்மில் 5.5ஜே, ஈடி45 என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 5.5 இன்ச்சில் பாதி 69.85 மி.மீ. உள்ளே 114.85, வெளியே 24.85. இதோடு மூன்று ரிம்களை ஒப்பிடுவோம்.

6ஜே, ஈடி45: பாதி 76.2. உள்ளே 121.2, வெளியே 31.2. அதாவது இரண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டர்தான் கூடுதல். பெரும்பாலும் பிரச்சினை வராது.

6.5ஜே, ஈடி40: உள்ளே 122.55, வெளியே 42.55. உள்ளே எட்டு மி.மீ. அளவுக்கு, வெளியே கிட்டத்தட்ட 18. பார்க்க நன்றாக நிறைந்து தெரியும், ஆனால் மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

7ஜே, ஈடி35: உள்ளே 123.9, வெளியே 53.9. வெளியே 29 மி.மீ. தள்ளி நிற்கும். பின் இருக்கையில் ஆள் ஏறினால் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவலாம்.

வெளியே தள்ளுவதில் உரசல் மட்டும் பிரச்சினையில்லை. சக்கரம் சாலையைத் தொடும் இடம் நகர்வதால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை வெட்டி இழுக்கும். சின்னக் காருக்கு 16 இன்ச் என்றால் 6ஜே, பழைய ஈடியிலிருந்து ஐந்துக்குள் வித்தியாசம்: இதைத் தாண்டத் தேவையே இல்லை. கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 6.5, 7ஜே. அதனால் தேட வேண்டியிருக்கும்.

ஸ்பேசர் வைத்துச் சரிசெய்யலாம் என்ற யோசனை வரும். வெறும் தட்டாக நடுவில் நுழைக்கும் ஸ்பேசர் நட்டு பிடிக்கும் மரையைத் தின்றுவிடும். வேண்டாம்.

ரிம் அகலம் டயருக்கும் பொருந்த வேண்டும். 185/65 டயருக்கு 5 முதல் 6.5ஜே வரை. 195/55 டயருக்கு 5.5 முதல் 7ஜே வரை, 6 உகந்தது. 205/45 டயருக்கு 6.5 முதல் 7.5ஜே வரை. குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுவது ஒரு ஸ்டைலாகவே சில இடங்களில் நடக்கிறது. ரிம்மின் விளிம்பைக் காக்க ரப்பரே இருக்காது, காற்று குறைந்தால் டயர் கழன்று வர வாய்ப்பும் உண்டு.

படி 5: எடைக் குறியீடு குறையக் கூடாது

வேகக் குறியீடும் எடைக் குறியீடும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் 165/80-க்கு 85 என்றோம். 185/65 ஆர்15-க்கு 88 (560 கிலோ), 195/55 ஆர்16-க்கு 87 (545 கிலோ). இரண்டும் தாராளம். 195/50 ஆர்16-க்கு 84, அதாவது 500 கிலோ, 515-க்குக் கீழே. 205/45 ஆர்17 சாதாரண டயரில் 84 மட்டுமே. எக்ஸ்எல் என்று குறித்த கூடுதல் சுமை டயரில் 88 கிடைக்கும், ஆனால் அது அந்த எடையைத் தாங்க அதிகக் காற்றழுத்தம் வேண்டும். ஏற்கெனவே தாழ்ந்த பக்கச்சுவர், அதில் காற்றையும் ஏற்றினால் பயணம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 17 போட்டோவுக்கு என்று சொன்னதில் இதுவும் சேர்த்தி.

ரிம்முக்கும் எடைத் தாங்கும் அளவு உண்டு. பின்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும். வண்டியின் அதிகச் சுமையுள்ள அச்சின் எடையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

படி 6: ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள்

பணம் கொடுப்பதற்கு முன், டயர் ஏற்றிய ஒரு சக்கரத்தை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார்.

முன்சக்கரத்தில்: ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயருக்கும் உள் பிளாஸ்டிக் லைனருக்கும், மண் தடுப்புக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸிலும் ஒடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் அப்போதுதான் உரசும். டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே, குறிப்பாக ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில், குறைந்தது ஐந்து மி.மீ. வேண்டும். டயரின் அகலம் கூடும்போது இந்த இடம்தான் முதலில் நெருங்கும்.

பின்சக்கரத்தில்: மூன்று பேரைப் பின்னால் உட்கார வைத்து, டிக்கியில் கொஞ்சம் சுமை வைத்து, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் முன்கூட்டியே சாக்பீஸ் பூசி வைத்தால் உரசிய இடம் அழிந்து காட்டிக்கொடுக்கும். ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு "உரசல, சார்" என்பது சோதனையே இல்லை. தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

மட்கார்டு விளிம்பைத் தட்டி மடக்கித் தருகிறேன் என்பார்கள். பெயிண்ட் வெடித்து அங்கே துரு பிடிக்கும். விளிம்பை மடக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த ரிம் உங்கள் வண்டிக்கு உரியதல்ல.

படி 7: வாங்கும்போது

ரிம்மைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். அளவு, ஈடி, எடை, தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றோடு ஐஎஸ்ஐ முத்திரையோ, ஜப்பானியத் தரமான ஜேடபிள்யூஎல் முத்திரையோ இருக்க வேண்டும். முத்திரையைக்கூடக் காப்பியடிப்பவர்கள் இருப்பதால் பில்லும் வாரண்டி அட்டையும் கேளுங்கள். பெரிய வெளிநாட்டு கம்பெனியின் டிசைனில் கால்வாசி விலைக்குக் கிடைத்தால் அது நகல்தான்.

கையில் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் எடைத்தராசில் வையுங்கள். இரும்பை விட அலாய் எப்போதும் லேசு என்பது உண்மையல்ல. மலிவான 16 இன்ச் வார்ப்பு ரிம், உங்கள் 14 இன்ச் இரும்பு டிஸ்கை விடக் கனமாக இருக்கலாம்.

சென்னை புதுப்பேட்டையிலோ வேறு எங்கோ பழைய ரிம் வாங்குவதாக இருந்தால், மேல் வேரியண்டிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய்தான் என் முதல் தேர்வு. பிசிடி, நடுத்துளை, ஆஃப்செட், நட்டு எல்லாம் பிறவியிலேயே பொருந்தியிருக்கும், ஹப் ரிங்கும் தேவையில்லை. ஆனால் டயர் இல்லாமல், பேலன்சிங் மெஷினில் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்விளிம்பு மேலும் கீழும் ஆடினால் பென்ட். உள்பக்கத்தில் வெல்டிங் தழும்போ, புது பெயிண்டுக்கு அடியில் மயிரிழை விரிசலோ இருந்தால் தொடாதீர்கள்.

டயரில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கும் ஒரே மாடல், அருகருகே உள்ள தேதி. சுழலும் திசைக் குறி உள்ள டயரை அம்புக்குறி பார்த்து மாட்டினார்களா என்று கவனியுங்கள்.

படி 8: மாட்டிய பிறகு

நட்டுகளை முதலில் கையால், பிறகு எதிரெதிராக, கடைசியில் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் சாவி) இறுக்க வேண்டும். அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னை முழு வேகத்தில் வைத்து அடிப்பது வேகமான வேலை, ஆனால் போல்ட்டை இழுத்து நீட்டிவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை டார்க் பார்த்துக்கொள்ளுங்கள். புது அலாய் உட்கார்ந்து நட்டு சற்று தளர்வது சகஜம்.

வீல் அலைன்மெண்ட் கட்டாயம். காற்று, புது டயரின் எடைக் குறியீட்டைப் பொறுத்துக் கதவு ஸ்டிக்கரில் உள்ளதிலிருந்து தொடங்கலாம். எடைக் குறியீடு பழையதை விடக் கூடுதலாக இருந்து, டயர் எக்ஸ்எல் இல்லை என்றால் ஸ்டிக்கர் அளவே போதும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தை நிரப்புவது தவறு.

ஸ்டெப்னி, இன்ஷூரன்ஸ், சட்டம்

வெளி விட்டம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பழைய 14 இன்ச் ஸ்டெப்னியை அவசரத்துக்கு மாட்டி, மெதுவாகக் கடை வரை போகலாம். புது நட்டு இரும்பு டிஸ்குக்குப் பொருந்தாமல் போகலாம், அதனால் பழைய நான்கு நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியும் அங்கேயே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. நடைமுறையில், உங்கள் மாடலின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்றால் விளக்கம் சொல்ல உங்களிடம் காகிதம் இருக்கும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயருக்கு எந்த விளக்கமும் செல்லாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பில்லோடு மின்னஞ்சல் அனுப்பி, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காத அலாய் திருடு போனாலோ அடிபட்டாலோ பழைய டிஸ்கின் விலைதான் கிடைக்கும் என்று அவர்கள் வாதிடலாம். வாரண்டி மிச்சமிருக்கும் புது வண்டியென்றால், சஸ்பென்ஷன், பேரிங் சம்பந்தமாக நிராகரிப்பார்களா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கழற்றிய டிஸ்குகளையும் வீல் கேப்களையும் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் கேட்பார், கொடுக்கும் விலை சொற்பமாக இருக்கும். இடமிருந்தால் மொட்டை மாடி அறையில் அடுக்கி வைத்துவிடுங்கள். காரை விற்கும்போது கம்பெனி சக்கரத்தோடு காரை ஒருவருக்கும், அலாயைத் தனியாக இன்னொருவருக்கும் கொடுத்தால் இரண்டுக்கும் நல்ல விலை வரும்.